இசிகேலி குடிக்காத யங்கோனா

என் உடம்பில் இருக்கும் செதில்களுக்கு நானே முழுப் பொறுப்பு. யங்கோனா வேரை இடித்து, தண்ணீரில் பிழிந்து, சிரட்டை சிரட்டையாக இத்தனை வருடம் குடித்திருக்கிறேன். அளவு தெரியாமல் குடிக்கிறவனுக்குத் தோல் காய்ந்து, செதிலடித்து, உரிய ஆரம்பிக்கும். அதற்குக் கனிகனி என்று பெயர். இன்னார் குடிகாரர் என்று உடம்பிலேயே எழுதி ஒட்டிய மாதிரி. எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. குடியை நிறுத்தினால் தோல் தானாகத் தேறிவிடும். அம்மா இறந்தபோது நூறு நாள் துக்கம் காத்து ஒரு சிரட்டைகூடத் தொடாமல் இருந்தேன். துக்கம் முடிந்தபோது என் கை கால் எல்லாம் கல்யாண மாப்பிள்ளைக்கு இருப்பதுபோல் இருந்தது. மறுநாளே கெடுத்துக்கொண்டேன்.

இசிகேலி விஷயம் வேறு. அவன் எனக்கு இரண்டு வழியில் மச்சான். என் அத்தை மகன், அப்புறம் என் தங்கை வசிதியைக் கட்டியவன். எங்கள் ஊர் வைதோவுவில் இரண்டு சபை. மேட்டில் இருப்பது எங்களுடையது. ஆராதனை முடிந்த கையோடு எங்கள் போதகரே யங்கோனாச் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கடலோரம் இருப்பது அவர்களுடையது. அங்கே ஆராதனை சனிக்கிழமை. யங்கோனா கிடையாது, பன்றி கிடையாது, நண்டு கிடையாது. இசிகேலி அந்தச் சபையில் பிறந்தவன், அங்கே மூப்பர் பதவியிலும் இருக்கிறவன். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. எனக்குத் தெரியாமல் அவன் குடித்திருக்க முடியாது, ஏனென்றால் ஊரில் யார் எங்கே குடித்தாலும் அங்கே நான் இருப்பேன்.

அவனுக்கு முதலில் முழங்கையில்தான் வந்தது. பொத்தான் அளவு சிவப்பு, அதன்மேல் வெள்ளைச் செதில். பிறகு முழங்கால், தலை, காதுக்குப் பின்புறம். பள்ளிக்கூடப் படகை ஓட்டுகிறவன் அவன். காலையில் விரிகுடாவைத் தாண்டிப் பிள்ளைகளை விட்டுவிட்டு, பிற்பகலில் கூட்டிவர வேண்டும். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவான். அவன் எழுந்த இடத்தில் பலகைமேல் மாவு சிந்தியதுபோல் கிடக்கும். யாரும் பார்ப்பதற்குள் அதை உள்ளங்கையால் தண்ணீரில் தள்ளிவிடுவான்.

"ஏன் மச்சான், என்ன விட்டுட்டு எந்த வீட்டுல போய்க் குடிக்கற? எங்க சரக்கு உனக்கு மட்டமா போச்சா?" என்பேன்.

"உன் பன்னிதான் கலக்கிக் குடுக்குது. உன்ன விட சுத்தமா கலக்குது," என்பான்.

மச்சான்கள் அப்படித்தான் பேச வேண்டும். பேசாவிட்டால் ஏதோ கோபம் என்று அர்த்தம். ஆனால் நான் சிரித்துக்கொண்டு கேட்டதை மற்றவர்கள் சிரிக்காமல் கேட்க ஆரம்பித்தார்கள். அவன் சபைக்காரர்கள் யங்கோனாவைத் தொடுவதில்லையே தவிர, கனிகனி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேட்டில் எங்களைத் தினமும் பார்க்கிறார்களே. தோல் அப்படி இருந்தால் ஆள் குடிக்கிறான். வேறு காரணம் இருக்கக்கூடும் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றாது.

சில வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவனுடைய ஆள்காட்டி விரல் ஒன்று வீங்கியது. மூட்டு மட்டும் அல்ல, விரல் முழுவதும், அடியிலிருந்து நுனிவரை, குட்டை வாழைப்பழம் மாதிரி. நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க வெகுநேரம் பிடிக்கும். மருத்துவ நிலையத்தில் நர்ஸ் மிலிகா இருக்கிறாள். அவளும் கடலோரச் சபைதான். அவனை நான்தான் அழைத்துப் போனேன்.

"அண்ணே, இது கவுட், சாப்பாட்டால வர்ற மூட்டு வீக்கம். இந்தக் கரையில பாதிப் பேருக்கு இருக்கு," என்றாள். "நண்டு, பன்னி, டின் மாட்டுக்கறி எல்லாம் விட்டுறணும்."

"நான் நண்டு தின்னதே இல்ல மிலிகா. பன்னியும் இல்ல."

மிலிகா என்னைப் பார்த்தாள். மாதம் ஒரு பன்றியாவது குழியடுப்பில் வைக்கிறவன் நான். பிறகு அவனிடம் மெதுவாக, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே," என்றாள்.

சொல்லவும் இல்லை, நல்ல பெண். ஆனால் கவுட் மாத்திரை எந்த டப்பாவில் வரும் என்று ஊருக்கே தெரியும். இப்போது என் மச்சான்மேல் இரண்டு குற்றம். தோல் அவன் குடிக்கிறான் என்றது, விரல் அவன் பன்றி தின்கிறான் என்றது. ஊரிலேயே ஒழுங்காக இருந்த மனிதன் அவன் ஒருவன்தான். இரண்டையும் வஞ்சனை இல்லாமல் செய்கிற என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் வயது வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காதபோது வசிதி என் நாயைப் பிடித்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாயின் காதைச் சொறிந்தபடி ஆரம்பித்தாள்.

"கேட்டியா டைகர், நேத்து எங்க சபையில கால் கழுவுற நாளு. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஒருத்தர் கால ஒருத்தர் கழுவணும். எங்க வீட்டுக்காரரு முன்னாடி தண்ணிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எதிர்ல ஒருத்தரும் வந்து உக்காரல. எல்லாரும் முடிச்சுட்டாங்க. கடைசில போதகரே வந்து உக்காந்தாரு. கழுவிட்டு, துண்ட மடிச்சுக்கிட்டே, 'இசிகேலி, ஆண்டவர்கிட்ட ஒளிக்க முடியாதுப்பா'ன்னாரு."

டைகர் வாலை ஆட்டியது.

"வீட்டுக்கு வந்ததுலேர்ந்து பேசல டைகர். சட்டப் பொத்தான்கூட நான்தான் போட்டு விடறேன். டவுன்ல யாராச்சும் டாக்டர்கிட்ட இவரக் கூட்டிட்டுப் போனா நல்லாருக்கும். இங்க யாருக்காவது அந்த மனசு இருந்தா."

"நாளைக்குப் பள்ளிக்கூடப் படகு திரும்பின உடனே கெளம்பலாம்னு சொல்லுடா டைகர்," என்றேன்.

டவுனில் கடைத்தெரு டாக்டரிடம் போனோம். வரிசை வாசல்வரை நின்றது. அவர் இசிகேலியின் கையைத் திருப்பிப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என் கையையும் பார்த்தார், இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டினார். "குடியக் கொறைங்க," என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுச் சின்ன வெள்ளை மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். தீர்ந்ததும் வந்து காட்டச் சொன்னார்.

அந்த மாத்திரையைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. மாதம் முடிவதற்குள் முழங்கை வழுவழுவென்று ஆகிவிட்டது. விரல் வற்றியது. இன்ஜின் கயிற்றைத் தானே இழுத்தான். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தான். வசிதி டைகருக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த மீன் கொண்டுவந்து வைத்தாள், எனக்கும்தான். மாத்திரை தீர்ந்தது. அதுதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு டாக்டர் என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம்.

கடலோரச் சபைப் போதகர் அபோரோசா நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். அவர் இசிகேலியின் கையைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். "விட்டுட்ட பாத்தியா தம்பி, ஆண்டவர் சுத்தமாக்கிட்டாரு. இனி எழுந்து நின்னு ஒரு வார்த்த சொல்லிடு. எல்லாம் பழையபடி ஆயிடும்," என்றார்.

அன்று பிற்பகல் இசிகேலி என் வீட்டுக்கு வந்தான். நான் வேர் இடித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், அது எப்படி இருக்கும்?"

"எது?"

"யங்கோனா. வாயில வச்சா."

"ஆச வந்துருச்சா? உக்காரு, கலக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. "சனிக்கிழம எழுந்து நின்னு சொல்லப் போறேன். குடிச்சேன், இப்ப விட்டுட்டேன்னு. யாராவது கேட்டா சொல்லத் தெரியணும்ல."

உலக்கையைக் கீழே போட்டேன். "கிறுக்கு புடிச்சிருக்காடா உனக்கு? பண்ணாதத எதுக்குடா பண்ணேன்னு சொல்ற?"

"பண்ணலன்னு எத்தன வருஷமா சொல்றேன். யாரு கேட்டா? பண்ணேன்னு ஒரு வாட்டி சொல்லிட்டா முடிஞ்சுது. அடுத்த கால் கழுவுற நாளைக்கு எதிர்ல ஒருத்தர் வந்து உக்காருவாங்க. எனக்கு அது போதும்."

அவன் சபையை, போதகரை, அவனை, அவனைப் பெற்ற என் அத்தையை எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாக்கு மரத்துப்போகுமாமே?" என்றான்.

என்ன செய்வது? "மரத்துப்போகும்," என்றேன். "மண்ணத் தண்ணில கரைச்ச மாதிரி இருக்கும். மொத சிரட்ட புடிக்காது. போகப் போகக் காலு கனமாயிடும். மனசு லேசாயிடும்."

"மனசு லேசாயிடும்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை அவர்கள் சபைக்கு வெளியே ஈரப்பலா மரத்தடியில் நின்று கேட்டேன். நாக்கு மரத்தது, கால் கனத்தது, மனசு லேசானது, நான் சொன்ன வரிசையிலேயே சொன்னான். பெண்கள் அழுதார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். மிலிகா விம்மி விம்மி அழுதாள். அத்தனை அன்பையும் ஒரு பொய்க்கு வைத்திருந்தார்கள்.

மாத்திரை நின்று அதிக நாள் ஆகவில்லை. முதலில் முதுகு சிவந்தது. பிறகு உடம்பு முழுவதும், வெந்நீர் கொட்டியதுபோல். செதில் பாயில் அள்ளும் அளவுக்கு விழுந்தது. இந்த முறை ஒரு விரல் இல்லை, நான்கு விரல், கூடவே குதிகால். கயிற்றை இழுக்க முடியாமல் படகிலேயே உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகள் இறங்கி நடந்து வீட்டுக்குப் போனார்கள். மாலைக்குள் ஊருக்கே செய்தி தெரிந்துவிட்டது. இசிகேலி மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைநகரிலிருந்து தோல் டாக்டர் ஒருவர் டவுன் ஆஸ்பத்திரிக்கு வருவார். மிலிகாதான் அந்த நாளைக் கேட்டுச் சொல்லி, எங்களோடு படகிலும் ஏறினாள். டாக்டர் நஸ்ரீன் சின்ன உருவம், கறாரான குரல். அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தலை, காது, முழங்கை, தொப்புள், குதிகால் என்று ஓர் இடம் விடாமல் பார்த்தார். நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத யாரு கனிகனின்னு சொன்னது?" என்றார். "இது சோரியாசிஸ். குடிச்சாலும் வரும், குடிக்காட்டியும் வரும். கையில இருக்கறது கவுட் இல்ல. தோல்ல இருக்கற அதே வியாதிதான் இப்ப மூட்டுக்கு வந்திருக்கு. இந்த நகத்துக் குழியப் பாத்தப்பவே யாராவது யோசிச்சிருக்கணும். அந்த வெள்ள மாத்திர இருக்கே, அது தோல மூடித்தான் வைக்கும். பட்டுனு நிறுத்தினா இப்படித்தான் மூடிய தள்ளிக்கிட்டு வரும்."

இசிகேலி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு முகத்தை அந்த வீங்கிய கைகளால் மூடிக்கொண்டு அழுதான். இத்தனை வருடத்தில் அவனுக்கு வந்திருப்பது ஒரு வியாதி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"விரலு?" என்று நான் கேட்டேன்.

"மடங்கிப்போன இந்த ரெண்டும் இனிமே நிமிராது. மத்தத காப்பாத்தலாம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடற மாத்திர ஒண்ணு இருக்கு. தோலையும் பாத்துக்கும், மூட்டையும் பாத்துக்கும்." எழுதுவதற்குப் பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "யங்கோனா குடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு நாளும் குடிச்சதில்ல."

மிலிகா எழுந்து அவன் தோளில் கை வைத்தாள். அவள் குரலில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. "மறைக்காதீங்கண்ணே. உங்க நல்லதுக்குத்தான் கேக்கறாங்க. டாக்டர், இவரு எங்க சபையில எழுந்து நின்னு ஒத்துக்கிட்டவரு. நான் அங்க இருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் பொய் சொன்னேன் டாக்டர்," என்றான் இசிகேலி.

"எப்ப? சபையிலயா, இப்பவா?"

"சபையில. சத்தியமா சபையில."

"செய்யாதத யாராவது செஞ்சேன்னு சொல்வாங்களாண்ணே?" என்று மிலிகா தழுதழுத்தாள். அவளுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. எனக்கே, அவன் என்னிடம் வந்து ருசி கேட்காமல் இருந்திருந்தால், புரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது.

நான் எழுந்து நின்றேன். "டாக்டர், இவன் சொல்றது நெசம். ஊருல யாரு குடிச்சாலும் எனக்குத் தெரியும். இவன் தொட்டதில்ல."

அவர் என் கைகளைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், காலையில் குடித்துவிட்டுக் கிளம்பிய என் கண்களைப் பார்த்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"மச்சான்."

"மச்சானுக்கு மச்சான் சாட்சி," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். "இங்க பாருங்க, இந்த மாத்திர ஈரலுக்கு ஆகாது. யங்கோனாவும் ஆகாது. ரெண்டும் சேந்தா ஆள் போயிடும். போன வருஷம் ஒருத்தர் இதே மாதிரி சத்தியம் பண்ணாரு. நம்பிக் குடுத்தேன். அவர அடக்கம் பண்ணிட்டாங்க. ரத்தம் எடுத்து அனுப்பறேன், ஆனா அந்தப் பேப்பர் வர்றப்ப நான் இங்க இருக்க மாட்டேன். இப்போதைக்குக் களிம்பும் வலி மாத்திரையும் தரேன். ஒரு சொட்டுகூட இல்லாம இருங்க. அடுத்த வாட்டி வரப்போ ஆரம்பிக்கலாம்."

"ஆறு மாசமா டாக்டர்?"

"ஆறு மாசம்."

அவர்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் பிடித்து நிறுத்த முடியவில்லை. வெளியே வராந்தாவில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று நானும் பார்த்தேன்.

திரும்பும் வழியில் படகில் இசிகேலி ஒரே ஒரு தடவைதான் பேசினான். "ஆரம்பிக்காதத எப்படி மச்சான் நிறுத்தறது?"

கடலோரச் சபை கூடிப் பேசி, அவனைக் கைவிடக் கூடாது என்று முடிவு செய்தது. தினமும் மாலையில் ஒரு குடும்பம் அவன் வீட்டுக்கு வரும். சேப்பங்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவரும். பாட்டுப் பாடும், ஜெபம் செய்யும், தூக்கம் வரும்வரை அவனை விட்டு நகராது. குடிக்கப் போய்விடாமல் காவல். அந்தப் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் அவனுடைய நடுவிரலும் மடங்கியது. கால் கழுவுகிற நாள் வந்தபோது எதிரில் உட்கார மூன்று பேர் போட்டி போட்டார்களாம். வசிதி டைகரிடம் சொன்னாள். அவனுடைய கால்களை அழகாகக் கழுவிவிட்டார்கள். அவன் முறை வந்தபோது அவனால் துண்டைப் பிழிய முடியவில்லை.

அதற்கு மறுநாள், காவல் வருவதற்கு முன்னால், என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஒரு சிரட்ட குடு மச்சான்."

"என்னது?"

"நெசமா ஒரு வாட்டி குடிச்சுடறேன். அப்பறம் நிறுத்தறேன். நிறுத்தறதுக்கு எங்கிட்டயும் ஏதாவது இருக்கும்ல."

கலக்கி வைத்திருந்ததைச் சட்டியோடு தூக்கி முற்றத்தில் கவிழ்த்தேன். காயப்போட்டிருந்த வேரை அள்ளிக் கடலில் எறிந்தேன். "நான் விட்டுடறேன்டா," என்று கத்தினேன். "உன்கூட சேந்து நானும் ஒரு சொட்டு தொட மாட்டேன். நம்ம ரெண்டு பேரும் சேந்தே நிறுத்தலாம்." வேறு என்ன கொடுப்பதற்கு என்னிடம் இருந்தது? அவன் தலையை ஆட்டிக்கொண்டு குதிகாலை ஊன்றாமல் நடந்து வீட்டுக்குப் போனான்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். வாழ்க்கையில் முதல் தடவை காப்பாற்றியிருக்கிறேன், அதுவும் இப்படிப் போனது. சில வாரத்தில் என் செதில் எல்லாம் உதிர்ந்தது. கழுத்து பளபளத்தது. கண்ணில் சிவப்பு போனது. அபோரோசா போதகர் வழியில் என்னை நிறுத்தி, கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை அவர் என் பேரைச் சொன்னார். மேட்டுக்காரன் தனியேலாவே விட்டுவிட்டான், அவன் தோலைப் பாருங்கள் என்றார். மிலிகா களிம்பு கொடுக்கப் போகும்போதெல்லாம் இசிகேலியிடம், "தனியேலா அண்ணனால முடிஞ்சுதே. நீங்களும் மனசு வைங்கண்ணே," என்கிறாள்.

இப்போது பள்ளிக்கூடப் படகை நான்தான் ஓட்டுகிறேன். இசிகேலி இன்ஜினுக்குப் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்துகொள்வான், வீட்டில் இருக்கப் பிடிக்காமல். நேற்றுப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடங்கிய விரல் முட்டியால் அதைத் தொட்டான்.

"நல்லா ஆயிடுச்சுடா மச்சான், உன் கை."

கையை இழுத்துக்கொண்டேன். "நான் மறுபடி ஆரம்பிச்சுடறேன்டா. இன்னைக்கே. இத வச்சு உன்னப் பேசறாங்கன்னா எனக்கு இந்தத் தோலு வேண்டாம்."

"ஆரம்பிச்சா, நான்தான் உன்னக் கெடுத்தேம்பாங்க," என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து வெகுநாள் ஆயிற்று. நன்றாகத்தான் சொன்னான், பழைய மச்சான் மாதிரியே.

பேச்சுக்கு நடுவில் இன்ஜின் அணைந்திருந்தது. படகு அலையில் திரும்ப ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் அவன் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினான், பிறகு மடியில் வைத்துக்கொண்டான். நான் எழுந்து கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.